வறுப்பது இங்கே, விற்பது ஓசூரில்

கெலவரப்பள்ளி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் அத்தைக்கு முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போனில் பேசினால் நீ பாதியிலேயே பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், எனக்கும் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால்தான் கடிதம்.

நீ கேட்டதற்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். என் பட்டறையின் முன் அறையை உனக்குத் தருகிறேன். வாடகை வேண்டாம். ஆனால் அங்கே மேசை நாற்காலி போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, பெங்களூர் இந்திராநகரில் நீ வேலை பார்க்கிற கடை மாதிரி ஒன்றைத் திறப்பதற்குத் தர மாட்டேன். காபிக்கொட்டை வறுக்கிற இடமாக வைத்துக்கொள். குடிக்கிற கடையை ஓசூருக்குள் பார். காரணம் கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

உன் அம்மா சொல்கிற காரணம் வேறு. “பி.இ. படிக்க வைத்தது காபி ஆத்துறதுக்கா” என்று வாரத்துக்கு ஒருமுறை என்னிடம் போன் போட்டுக் கேட்கிறாள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. அன்று பெங்களூர் வந்தபோது உன் கடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து நீ வேலை செய்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 18 கிராம் தூளை எடை போட்டாய். அமுக்கினாய். ஒன்பது பார் அழுத்தத்தில் வெந்நீர் இறங்கி அரை நிமிடத்துக்குள் 36 கிராம் டிகாஷன் வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாய், கொட்டிவிட்டாய். கிரைண்டரை ஒரு புள்ளி திருப்பி மறுபடியும் போட்டாய். காற்றில் ஈரம் மாறினால் அரைப்பும் மாற வேண்டும், காலையில் முதல் சில குவளைகளை யாருக்கும் கொடுப்பதில்லை என்றாய். நான் வேலை பார்த்த டூல் ரூமில் நாங்களும் அதைத்தானே செய்தோம்? முதல் பீஸை அளப்போம். ஒத்துவரவில்லை என்றால் ஸ்கிராப் பெட்டி. ஆஃப்செட்டைத் திருத்திய பிறகுதான் லாட் ஓடும். அந்த ஒழுங்கு உன் கையில் இருக்கிறது. காபி ஆற்றுவது கேவலம் என்று என்னிடம் யாரும் சொல்ல முடியாது. உன் அம்மாவிடமும் இதைச் சொல்லியாகிவிட்டது. அவள் காதில் ஏறவில்லை, அது வேறு.

விலைப் பலகையைப் பார்த்து நான் முகம் சுளித்ததை நீ கவனித்தாய், சிரித்தாய். காகித வடிகட்டியில் தூளைப் போட்டு, மேலிருந்து சுற்றிச் சுற்றி வெந்நீர் ஊற்றி வடிக்கிற அந்த வி60 ஒரு குவளை 300 ரூபாய்க்கு மேல். பால் இல்லை, சர்க்கரை இல்லை. முதல் வாய் புளித்தது. நீ பேசிக்கொண்டே இருந்தாய், குவளை ஆறியது. ஆறின பிறகு குடித்தபோது அடியில் ஓர் இனிப்பு இருந்தது, சர்க்கரை போட்ட இனிப்பு அல்ல. கொட்டையைக் கருக விடாமல் வறுத்தால்தான் அது நாக்குக்குத் தெரியும் என்றாய். நம்புகிறேன். இத்தனை வருடம் நாம் குடித்ததில் பாதி கருகலும் சிக்கரியும்தான் என்பதும் அன்று புரிந்தது. ஆனாலும் அடுத்த நாள் காலை உன் அத்தையிடம் டம்ளர் நிறைய நுரை பொங்கப் பால் காபியைத்தான் வாங்கிக் குடித்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

இந்தக் கடைகள் எல்லாம் வெள்ளைக்காரனைப் பார்த்து வந்த பகட்டு என்று பட்டறைக்கு வருகிற நண்பர்கள் சொல்கிறார்கள். பெயரும் பாத்திரமும் வெளியிலிருந்து வந்தவைதான். 1970-களில் அமெரிக்காவில் எர்னா நட்சன் என்ற அம்மாள் வைத்த பெயர் ஸ்பெஷாலிட்டி காபி. ருசி பார்க்கிறவர்கள் நூற்றுக்கு எண்பதோ அதற்கு மேலோ மதிப்பெண் போட்டால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். ஆனால் நம் பக்கம் இது இத்தனை தாமதமாக வந்ததற்குக் காரணம் நம்மிடமே இருந்தது. 1942-இல் வந்த காபிச் சட்டத்தின்படி தோட்டக்காரர் தன் விளைச்சலைக் காபி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். எல்லாத் தோட்டத்துக் கொட்டையும் ஒரே கிடங்கில் கலந்து, தரம் பிரித்து, ஏலத்துக்குப் போகும். போர்க்காலத்தில் சந்தை படுத்துக் கிடந்தபோது அந்த ஏற்பாடு தோட்டக்காரரைக் காப்பாற்றியது, மறுக்க முடியாது. ஆனால் பழுத்ததை மட்டும் பொறுக்கிப் பறித்தவனுடைய கொட்டையும், பச்சையும் பழமுமாக உருவிப் போட்டவனுடைய கொட்டையும் ஒரே மூட்டைக்குள் போய்விட்டால், அடுத்த வருடம் எவன் மெனக்கெடுவான்? 1990-களின் தொடக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கட்டு தளர்ந்து, 1996 வாக்கில் தோட்டக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்றானது. அதே 1996-இல்தான் பிரிகேட் சாலையில் முதல் கஃபே காபி டே திறந்தது. அதைத் தொடங்கிய சித்தார்த்தா இணையம் பார்க்கிற இடமாகத்தான் நடத்தினார். காபி கூட வந்தது. தோட்டத்தின் பெயரை அட்டையில் போட்டு விற்கிற உன் தலைமுறைக் கடைகள் அதற்கும் பதினைந்து இருபது வருடம் கழித்து வந்தவை. 2013-இல் டெல்லியில் ஆரம்பித்த ப்ளூ டோக்காய் பெங்களூருக்கு வந்தது. கோரமங்களாவில் ஆரம்பித்த தேர்டு வேவ் பத்தே வருடத்துக்குள் நூறு கடையைத் தாண்டியது. கொட்டைக்கு முகவரி கிடைத்த பிறகுதான் இவர்களுக்கு விற்க ஒரு கதை கிடைத்தது.

இந்த விஷயத்தில் நீ பெருமைப்பட வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். சுனாலினி மேனன். காபி வாரியத்தில் ருசி பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து, ஆசியாவிலேயே அந்தத் தொழிலுக்கு வந்த முதல் பெண் என்று பெயர் வாங்கியவர். பிறகு பெங்களூரிலேயே காபிலேப் என்று சொந்தமாக ஒரு பரிசோதனைக்கூடம் தொடங்கினார். நீ வாரியத்தில் காபி சாஸ்திரப் பயிற்சிக்குப் போனபோது அவர் பெயரைச் சொல்லியிருப்பார்கள். உன் அம்மாவிடம் பேசும்போது என் பெயருக்குப் பதில் அவர் பெயரைச் சொல்லிப் பார்.

நம் ஊர்ப் பழைய காபித்தூள் கடையும் ஒன்றும் தெரியாத கடை இல்லை. “பீபரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி, சிக்கரி இருபது” என்று என் அப்பா ஓசூர் கடைவீதியில் நின்று சொல்வார். கடைக்காரர் கண்முன்னே அரைத்து, சூடு ஆறாத பொட்டலமாகக் கொடுப்பார். வீட்டுக்கு வருவதற்குள் பஸ் முழுக்க மணக்கும். அதற்கும் முந்தின தலைமுறையில் பச்சைக்கொட்டை வாங்கி வந்து வீட்டிலேயே வறுத்து, ஜன்னல் பலகையில் முடுக்கிய கை மிஷினில் அரைத்தார்கள். புதிதாக வறுத்ததைப் புதிதாக அரைக்க வேண்டும் என்பதை இத்தாலிக்காரன் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாக்கெட் தூள் வந்த பிறகு நாம்தான் மறந்தோம். சட்டப்படி பாதிக்குச் சற்று மேல், 51 சதவீதம் காபி இருந்தாலே காபி–சிக்கரித் தூள் என்று விற்கலாம். பாக்கெட்டில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், யார் படிக்கிறார்கள்? உன் கடைப் பாக்கெட்டில் எனக்கு மிகவும் பிடித்தது முன்பக்கமே இருந்த வறுத்த தேதி. அது நேர்மை. மலையின் உயரம், செடியின் ரகம், கழுவிக் காயவைத்ததா பழத்தோடு காயவைத்ததா என்பதெல்லாம் இருந்தது. நல்லதுதான்.

இல்லாதது ஒன்று. உன் கொள்ளுப்பாட்டியை நீ பார்த்ததில்லை. கார்த்திகை முடிந்ததும் ஊரில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சிக்கமகளூர்ப் பக்கம் காபிப் பழம் பறிக்கக் கிளம்புவார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுப்பான். பாட்டியும் போவாள், என் அம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. மூட்டைக் கணக்கில் கூலி. இப்போது உன் ஸ்பெஷாலிட்டி காபிக்குப் பறிப்பு இன்னும் கடினம். செடியில் நன்றாகச் சிவந்ததை மட்டும் பறித்து, மற்றதை விட்டுவிட்டு, சில நாள் கழித்து மறுபடி அதே செடிக்கு வர வேண்டும். ஒரே ஆள் ஒரு நாளில் பறிக்கிற எடை குறையும். எடைக்குக் கூலி என்றால் அவள் கூலியும் குறையும், தோட்டக்காரர் சேர்த்துக் கொடுத்தால் ஒழிய. கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், தெரியும். ஆனால் அட்டையில் தோட்ட முதலாளியின் குடும்ப வரலாறு நாலு வரி இருக்கிறது, பறித்தவளுக்கு ஒரு வரி இல்லை. பன்னிரண்டாவது மெயினில் என்னை அழைத்துப்போனாயே, அரக்குக் காபிக்கடை, அங்கே மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி மக்கள் தங்கள் துண்டு நிலத்திலேயே பயிரிட்டு, கூட்டுறவாகச் சேர்ந்து விற்பது. நாந்தி அறக்கட்டளை கூட நின்றது. அந்தக் காபிக்குப் பாரிஸில் கடை 2017-இலேயே வந்துவிட்டது, பெங்களூரில் அதற்குப் பிறகு. விளைவித்தவன் பெயரைச் சொல்லியும் நல்ல விலைக்கு விற்க முடியும் என்பதற்கு அதுவே போதும்.

அன்று சர்ச் தெருவில் இந்தியா காபி ஹவுஸுக்கு நான் பிடிவாதமாகக் கூட்டிப்போனதில் உனக்கு அலுப்பு. உன் மொழியில் சொன்னால் அந்தக் காபிக்கு அறுபது மதிப்பெண்கூட வராது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இடத்தின் கதை உன் படிப்பில் வந்திருக்காது. காபி வாரியம் தானே நடத்திய காபி ஹவுஸ்களை 1950-களில் மூடத் தொடங்கியது. வேலை போன ஊழியர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளைத் தாங்களே எடுத்தார்கள். 1957-இல் பெங்களூரில்தான் முதல் சங்கம். தலைப்பாகை கட்டிக் காபி கொண்டுவந்து வைத்தாரே, அவர் அந்தக் கடைக்கு ஊழியர் மட்டும் அல்ல என்பது எனக்கு இன்னும் பெரிய விஷயமாகப் படுகிறது. எம்.ஜி. ரோட்டில் இருந்து 2009-இல் இடம் மாறியும் கடையை விடவில்லை. அதே 1957-இல் சென்னையில் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியார் போராட்டம் நடத்தினார், பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி. ஒரு காபிக்கடையில் யார் உட்காரலாம் என்பதற்காக ஆட்கள் ஜெயிலுக்குப் போன நாடு இது.

இப்போது சாதியை யாரும் கேட்பதில்லை. விலை கேட்கிறது. கோரமங்களாவில் நாம் உட்கார்ந்த கடையில் — பெயர் வேண்டாம் — லேப்டாப் வைத்திருந்த பிள்ளைகள் ஒரு காபியோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆர்டர் எடுக்க வந்த டெலிவரிப் பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வராதே என்று எழுதி ஒட்டவில்லை. அவர்களாகவே வரவில்லை. மெஷினில் நின்ற பையனிடம் நான் கன்னடத்தில் கேட்டேன், அவன் இந்தியில் சொன்னான், அசாம்காரன். உன்னை மாதிரியே கவனமாக வேலை செய்தான். அவன் சம்பளத்துக்கு அங்கே தினம் ஒரு காபி வாங்கிக் குடிக்க முடியுமா என்று யோசித்தேன். உன்னிடம் கேட்டால் முடியாது என்றுதான் சொல்வாய், உனக்கும் அதே சம்பளம்தானே.

சரி, நம் அறைக்கு வருகிறேன். முதல் தடை தண்ணீர்.

ஒரு குவளை காபியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு தண்ணீர் என்று நீதான் சொன்னாய். லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் உப்பு கரைந்திருந்தால் சரியாக இருக்கும் என்று ஸ்பெஷாலிட்டி காபிக்காரர்கள் கணக்கு வைத்திருப்பதையும் சொன்னாய். நம் வீட்டுப் போர் தண்ணீரில் குக்கர் அடியில் படிகிற வெள்ளையை நீ சின்ன வயதில் ஸ்பூனால் சுரண்டி விளையாடுவாய். அந்தத் தண்ணீரை எட்டு லட்சம் ரூபாய் இத்தாலி மெஷினின் பாய்லரில் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆர்.ஓ. போட்டால் உப்பு பெரும்பாலும் போய்விடும், மறுபடி கொஞ்சம் சேர்க்க வேண்டும். செய்யலாம், செலவு.

போர் தண்ணீராவது பரவாயில்லை. அணையை நினைத்துப் பார். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி, தமிழ்நாட்டுக்குள் வந்ததும் முதலில் நிற்கிற இடம் நம் கெலவரப்பள்ளி அணை. உன் கடை இருக்கிற இந்திராநகர், நாம் சுற்றிய கோரமங்களா, இரண்டின் சாக்கடையும் இறங்குவது பெள்ளந்தூர் ஏரியில். அங்கிருந்து வர்த்தூர் ஏரி. வர்த்தூரில் இருந்து ஆறு. 2018-இல் பெள்ளந்தூர் ஏரியில் தீப்பிடித்து ராணுவம் வந்து அணைத்ததே, அந்த ஏரித் தண்ணீர்தான் அப்புறம் நம் மதகில் இறங்குகிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்குப் பொங்கித் தரைப்பாலத்தை மூடுவதை நீயே பார்த்திருக்கிறாய். நாற்றம் பட்டறை வரைக்கும் வரும். டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த நாட்களில் எந்தப் பெங்களூர்க்காரன் காரை எடுத்துக்கொண்டு வந்து, அணைக்கரையில் உட்கார்ந்து, மல்லிகை வாசம் வருகிறதா பழ வாசம் வருகிறதா என்று குவளையை முகர்ந்து பார்ப்பான்? இதற்கு ஒரு வழக்கு, ஓர் ஆணையம், இரண்டு மாநிலம் என்று என்ன என்னவோ நடக்கிறது. நம் விவசாயிகள் அந்தத் தண்ணீரில்தான் கீரையும் நெல்லும் வைக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தால் நிறுத்த முடியாது, விடுகிறேன்.

வறுப்பதற்குத் தண்ணீர் வேண்டாம். அதுதான் இந்த அறைக்குப் பொருத்தம். மூன்று ஃபேஸ் மின்சாரம் ஏற்கெனவே இருக்கிறது. 200 டிகிரிக்கு அருகில் முதல் வெடிப்புச் சத்தம் கேட்கும், அதற்குப் பிறகு விநாடிக் கணக்குதான் என்று நீ சொன்னாயே, டிரம்முக்கு வெப்பமானி பொருத்தி வரைபடம் எடுக்கிற ஏற்பாட்டை நான் செய்து தருகிறேன். வறுக்கும்போது பறக்கிற மெல்லிய தோலைப் பிடிக்க ஒரு சைக்ளோன், கொட்டையை ஆற வைக்கத் துளைத்தட்டும் ஊதுகாற்றாடியும், புகை பக்கத்து வீட்டுக்குப் போகாமல் உயரமான குழாய்; இவற்றுக்கு வெளியே ஆள் தேட வேண்டாம். பச்சைக்கொட்டை நாற்றத்தையும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், அதனால் காற்றுப் புகாத பையில், தரையில் படாமல், பின் அறையில் வை. ஐந்து கிலோ டிரம் போதும். பழையதாகக் கிடைத்தால் சொல், பேரிங் பார்த்து வாங்குகிறேன்.

இப்போது கணக்கு. கிலோ 1,200 ரூபாய் விலையில் 18 கிராம் போட்டால் கொட்டைக்கு மட்டும் 21 ரூபாய் 60 காசு. பால், குவளை, மெஷின் கடன் வட்டி, வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் சேர்த்தால் 180 ரூபாய்க்குக் கீழே நீ விற்க முடியாது. ஓசூரில் அந்த விலைக்குக் குடிக்க ஆள் இல்லாமல் இல்லை. எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்க்கொண்டு ஓசூர் அடுக்குமாடியில் குடியிருக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது, இன்னும் வருவார்கள். ஆனால் அவர்கள் சனி ஞாயிறு மட்டும் வருகிறவர்கள், மற்ற ஐந்து நாளும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

ஐந்து நாளும் வருகிறவர்கள் யார் என்று பார். சிப்காட் தொழிற்பேட்டையில் மூன்று ஷிஃப்ட். காலை ஆறு மணிக்கு ஒரு கூட்டம் இறங்குகிறது, ஒரு கூட்டம் ஏறுகிறது. 1980-இல் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் ஓட ஆரம்பித்த காலத்தில் இருந்து இந்த ஊரின் கடிகாரம் அதுதான். இப்போது செல்போன் பாகம் செய்கிற டாடா ஆலைக்கு வெளி மாவட்டத்தில் இருந்தும் வெளி மாநிலத்தில் இருந்தும் ஆயிரக்கணக்கில் பெண்பிள்ளைகள் வந்து விடுதியில் இருக்கிறார்கள். இவர்களுக்கு டீக்கடையில் கிடைக்கிற காபி எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும்: உடனடித் தூள், தண்ணீர்ப்பால், தலைக்கு மேல் சர்க்கரை. இருபது ரூபாய். அந்தப் பிள்ளைகள் நின்று குடிக்கவே கூச்சப்படுகிற கடைகள் அவை. ஆண்கள் சிகரெட்டோடு வழியை மறித்து நிற்பார்கள்.

நீ கிலோ 600 ரூபாய்க்குப் பச்சைக்கொட்டை எடுத்தால், வறுத்தபின் நூற்றுக்குப் பதினைந்து எடை போய், கிலோ 706 ரூபாய் ஆகும். வாயு, பை, போக்குவரத்து சேர்த்து 800 என்று வை. பில்டரில் குவளைக்குப் பத்துக் கிராம், எட்டு ரூபாய். பாலுக்கு ஆறு. சர்க்கரைக்கும் அடுப்புக்கும் இரண்டு. 16 ரூபாய் அடக்கம், 25 ரூபாய்க்கு விற்கலாம். எட்டு லட்சம் மெஷின் வேண்டாம், பித்தளை பில்டர் போதும். நாளைக்கு 400 குவளை போனால் 3,600 ரூபாய் நிற்கும், அதில் வாடகையும் இரண்டு பேர் சம்பளமும் போக உனக்கு இப்போது வாங்குகிறதைவிடக் குறையாது. 2024-க்குப் பிறகு கொட்டை விலை ஏறியிருக்கிற ஏற்றத்தில் இந்தக் கணக்கு ஒன்றிரண்டு ரூபாய் அப்படி இப்படி ஆகலாம். அதனால்தான் நீ ரோபஸ்டாவை வெறுக்கக் கூடாது என்கிறேன். உன் கடையில் ரோபஸ்டா என்றாலே எல்லோரும் மூக்கைச் சுளிக்கிறார்கள். இந்தியாவில் விளைவதில் ஏறத்தாழ 70 சதவீதம் அதுதான். நன்றாகக் கழுவிப் பதப்படுத்திய ரோபஸ்டாவுக்குக் காபி வாரியமே ‘காப்பி ராயல்’ என்று ஒரு தரம் வைத்திருக்கிறது. பாலுக்கு அடியில் அமுங்காமல் நிற்கும். அதில் பாதி, ஏற்காட்டு அராபிகா பாதி போட்டுப் பார். சிக்கரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டால் எத்தனை என்று பலகையில் எழுது.

ஏற்காட்டை ஏன் சொல்கிறேன் என்றால், நமக்குப் பக்கத்து மலை அது. நாமும் அவர்களும் ஒருகாலத்தில் ஒரே சேலம் ஜில்லா. 1820-களில் காக்பர்ன் என்ற கலெக்டர் அங்கே காபிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். இப்போது சேர்வராயன் மலையில் மிளகும் ஆரஞ்சும் ஊடே வைத்துச் சின்னச் சின்னத் தோட்டமாக வைத்திருக்கிறவர்கள் நிறைய. அவர்களுடைய கொட்டை பெரும்பாலும் வியாபாரி மூட்டைக்குள் பெயரில்லாமல் போகிறது. தை மாதம் பறிப்பு நேரத்தில் நாம் இரண்டு பேரும் போவோம். பழமாகப் பறித்தால் கிலோவுக்கு இத்தனை கூடுதல், அந்தக் கூடுதலில் பறிக்கிறவளுக்கு இத்தனை என்று எழுத்தில் பேசி வாங்கு. அதையும் உன் பாக்கெட்டில் போடு. பெங்களூர்க் கடைகள் மலை உயரம் போடுகின்றன, நீ கூலி போடு. வேறு யாரும் போடாததைப் போட்டால் பேசுவார்கள். சரக்கு தரமாக இருந்தால் அந்தப் பெங்களூர்க் கடைகளே உன்னிடம் வறுத்த கொட்டை வாங்கும், வி60-க்கு உரிய மென்வறுவலையும் நீ இங்கேயே செய்து அனுப்பலாம். நீ கற்ற வித்தை வீணாகாது.

ஓசூர்க் கடைக்கு என் நிபந்தனை ஒன்றுதான். சுவரோரமாக நீளமான பெஞ்சு போட வேண்டும், யூனிஃபார்மோடு வருகிற பிள்ளை கூச்சப்படாமல் உட்கார. ஐந்து மணிக்கே திற. மூன்று மொழியில் பலகை வை: தமிழ், கன்னடம், தெலுங்கு. இந்தியும் வேண்டும் என்றால் விலைக்குப் பக்கத்தில் எழுதிக்கொள், அரசியல் பேச நான் வர மாட்டேன். வீட்டுக்குத் தூள் வாங்குகிறவர்களுக்குக் கண்முன்னே அரைத்துக் கொடு, வறுத்த தேதியை ரப்பர் முத்திரையால் குத்து. உன் பழைய முதலாளியின் கடை மாதிரி பாட்டை அலற விடாதே.

பணத்துக்கு வங்கியிடம் எட்டு லட்சம் கேட்டிருந்தாய், அந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள். டிரம்முக்கும் முதல் இரண்டு மூட்டைக்கும் நான் தருகிறேன். அத்தைக்குத் தெரியும். திரும்பக் கொடுக்க வேண்டும், அவசரம் இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிமமும் உள்ளாட்சி அனுமதியும் உன் பெயரில் எடு, என் பெயரில் வேண்டாம்.

இந்த மாதக் கடைசியில் இரண்டு நாள் லீவு போட்டு வா. பின் அறையில் கிடக்கிற பழைய லேத்தை நகர்த்த ஆள் சொல்லியிருக்கிறேன், இடத்தை அளந்து நீயே வரைபடம் போடு. வரும்போது வி60 கூம்பும் காகிதமும் கொண்டு வா, அத்தை குடித்துப் பார்க்க வேண்டுமாம். வேலையை விடப்போகிறேன் என்பதை உன் அம்மாவிடம் நீயே சொல், அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
மாமா